வந்த ஆசிரியர் வேரூன்ற வேண்டுமே!

புது மருமகள் வீட்டிற்கு வரும் நாளில் வாயிலில் கோலமிடுகிறோம்; ஆரத்தி எடுக்கிறோம்; அவளுக்கு எந்த உணவு பிடிக்கும், எது ஒவ்வாது என்று கேட்டறிந்து சமைக்கிறோம். ஊர்ப் பள்ளிக்குப் புதிய ஆசிரியர் ஒருவர் வரும் நாளில் நாம் என்ன செய்கிறோம்? ஒரு கையில் பெட்டியும் மறு கையில் நியமன ஆணையுமாய்ப் பேருந்தினின்று இறங்கி நிற்பவரிடம், "பள்ளிக்கூடமா? அந்தப் புளியமரத்தைத் தாண்டிப் போங்கள்" என்று கைகாட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கச் சென்றுவிடுகிறோம். மருமகள் ஒரு குடும்பத்தில் வாழ வருகிறாள். ஆசிரியரோ ஊரின் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளோடும் வாழ வருகிறார். அவரை நிலைக்கச் செய்யும் பொறுப்பு யாருடையது? அரசினுடையதா, தலைமையாசிரியருடையதா, அல்லது நம் அனைவருடையதுமா?

இவ்வினா எங்கள் உள்ளத்தில் நெடுநாளாக இருந்துவருவது. கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் இராமநாதபுரம் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் 1979ஆம் ஆண்டு பணியேற்றோம். ஒருவர் தமிழும் மற்றவர் அறிவியலும் கற்பித்தோம். எங்களுள் ஒருவர் 2013லும் மற்றவர் 2015லும் அதே பள்ளியிலேயே ஓய்வு பெற்றோம். "அரசுப் பணியில் 30 ஆண்டுக்கு மேல் ஒரே இடத்தில் எப்படி இருந்தீர்கள்?" என்று வியப்போடு கேட்பவர் உண்டு. விடை எளிது. எங்கள் இடத்தைக் கேட்டு எவரும் வரவில்லை!

அரசு ஊழியர் ஒருவரை அச்சுறுத்த வேண்டுமாயின், "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்பது அக்காலத்து வழக்கு. அந்தக் காடு எங்கள் சீமையே. 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. மண் பிரிந்தது, அந்தப் பெயர் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. ஆகவே எங்கள் பள்ளிக்கு நியமனம் பெறும் இளைஞர், ஊரைக் காணுமுன்னரே ஊரைவிட்டுப் போகும் நாளை எண்ணத் தொடங்கிவிடுவார். கலந்தாய்வு முறை வந்த பின்னர் இக்கணக்கு இன்னும் எளிதாயிற்று. அவர்களை நாங்கள் குறை கூறவில்லை. பெற்றோரைப் பிரிந்து, முன்பின் அறியாத ஊரில், பானை நீருக்கும் வரிசையில் நிற்க நேர்ந்தால் யாருக்குத்தான் மனம் தளராது?

ஆயினும் அதன் விலையைக் கொடுப்பவர் பிள்ளைகள். 2012க்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எங்கள் பள்ளியில் கணிதத்திற்கு நால்வர் வந்தனர், நால்வரும் சென்றனர். இடையில் பல மாதம் அவ்விடம் வெறுமையாகவே கிடந்தது. இயற்கணிதத்தை ஒருவர் தொடங்குவார். வடிவியலை இன்னொருவர் பாதியில் விடுவார். அந்நாள்களில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எங்களிடம் வந்து, புதிதாக வந்திருந்தவரைச் சுட்டி மெல்லக் கேட்டான்: "சார், இந்த சார் எப்ப போவாரு?" அவர் பணியேற்று இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஓர் ஆசிரியரை நம்பலாமா கூடாதா என்பதை அச்சிறுவன் பாடத்திலிருந்து அறியவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து அறிந்திருந்தான்.

முதலில் ஒரு கூரை

புதியவருக்கு அறிவுரை கூற ஊரில் பலர் உண்டு. ஆனால் அவருக்கு முதலில் வேண்டுவது அறிவுரையன்று. தங்குவதற்கு ஓர் அறை. சிறு ஊர்களில் இதுவே கடினமான தேர்வு. தனியே வரும் இளம்பெண் எனில், "துணைக்கு யார்?" என்பார்கள். இளைஞன் எனில், "மணமாகாதவருக்கு வீடு தருவதில்லை" என்பார்கள். இவ்விரண்டையும் கடந்தால் மூன்றாவதாக ஒரு வினா வரும். "தம்பிக்குச் சொந்த ஊர் எது? எந்தத் தெரு?" என்று இனிமையாகவே கேட்பார்கள். அவ்வினாவினுள் வேறொரு வினா ஒளிந்திருப்பதைக் கேட்பவரும் அறிவர். விடை கூறுபவரும் அறிவர்.

சமூக அறிவியல் கற்பிக்க வந்த ஓர் இளைஞருக்காக நாங்கள் ஒரே மாலையில் ஏழு வீடுகளுக்குச் சென்றோம். ஏழிலும் முன்பு காலியாய் இருந்த அறை, அவருடைய தெருவின் பெயரைக் கேட்டதும் எவ்வாறோ நிறைந்துவிட்டது. எட்டாவதாக, இட்லி விற்றுப் பிழைக்கும் முதிய கைம்பெண் ஒருவர் தம் வீட்டு முன்னறையைத் திறந்துவிட்டார். "எங்க பேரனுக்குப் பாடம் சொல்ல வந்த பிள்ளை. எனக்கு அது போதும்" என்றார். அவ்விளைஞர் அந்த அறையில் ஆறு ஆண்டுகள் இருந்தார். அம்மூதாட்டியின் இறுதி நாள்களில் மருத்துவமனைக்கு உடன் சென்றவரும் அவரே. வீடு மறுத்த ஏழு குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அவர்தாம் வரலாறு கற்பித்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

கூரைக்கு அடுத்தது நீரும் உணவும். எங்கள் ஊரில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீர் கொண்டுவருவது பெண்களின் அன்றாடப் பணி. எந்தக் குழாயில் எந்த நேரம் வரும், எது குடிக்க ஆகும், எது துவைக்க மட்டுமே ஆகும் என்பதைப் புதியவர் தாமே கண்டறியச் சில வாரங்களாகும். ஒருவர் சொன்னால் ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்றையும் பலர் அறியார். பணியேற்ற மாதமே ஊதியம் கைக்கு வந்துவிடுவதில்லை. பணிப்பதிவேடு தொடங்கி, சான்றிதழ்கள் சரிபார்க்கப்பட்டு, ஊதியப் பட்டியலில் பெயர் ஏறுவதற்குச் சில மாதங்கள் கழிவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். வீட்டிற்குப் பணம் அனுப்புவேன் என்று கூறி வந்த பிள்ளை, வீட்டிலிருந்தே பணம் கேட்க நாணி, ஒருவேளை உண்டு நாளைக் கழிக்கும். ஆகவே எங்களுக்குப் பழக்கமான மளிகைக் கடையில், "இவர் கணக்கை எழுதி வையுங்கள், ஊதியம் வந்ததும் தருவார்" என்று சொல்லி வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். அக்கடைக்காரர் இதுவரை ஒரு ரூபாயும் இழந்ததில்லை.

விதைத்துவிட்டுப் போகலாமா?

எங்கள் சீமையில் நெல்லை நாற்றுவிட்டு நடுவது அரிது. காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்போம். மழை பெய்தால் முளைக்கும். பொய்த்தால் விதையும் போகும். பல பள்ளிகளில் புதிய ஆசிரியரையும் இவ்வாறே வகுப்பறையில் விதைத்துவிட்டுப் போகிறார்கள்.

கால அட்டவணையைப் பாருங்கள். மதிய உணவுக்குப் பிந்திய பாடவேளைகளும், எவரும் விரும்பாத பிரிவும் புதியவருக்கே வந்து சேரும். "இளம் வயது, கணினி தெரியும்" என்று மாணவர் விவரப் பதிவு, உதவித்தொகைப் பட்டியல் முதலியவையும் அவர் தலையில் ஏறும். கற்பிக்கப் பழகவேண்டிய ஓராண்டு, தாள்களை நிரப்புவதில் கழியும். எங்கள் பள்ளியில் முன்பு இருந்த தலைமையாசிரியர் ஒருவர் இதற்கு ஒரு வரம்பு கட்டினார். புதிதாக வருபவருக்கு முதல் பருவத்தில் வகுப்பன்றி வேறு பொறுப்பு எதுவும் இல்லை, நாள்தோறும் ஒரு பாடவேளை மூத்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் பின்பலகையில் அமர்ந்து கவனிக்க வேண்டும், அவ்வளவே. ஸ்காட்லாந்தில் 2002ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் ஒன்று, புதிய ஆசிரியரின் முதலாண்டு வகுப்புச் சுமையைக் குறைத்து, அனுபவம் மிக்க ஒருவரைத் துணைக்கு வைத்தது என்பதைப் பின்னாளில் படித்தபோது எங்களுக்கு அவர் நினைவே வந்தது. சப்பான் நாட்டிலும் 1989 முதல் புதியவருக்கு ஓராண்டுப் பயிற்சி நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டின் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் ஆசிரியர்களுக்கு ஆண்டிற்கு 50 மணி நேரப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. நன்று. ஆயினும் பயிற்சி மையத்தில் கற்க இயலாதவை சில உண்டு.

ஒரே வகுப்பில் நான்கு முனியசாமிகள் இருப்பர். அவர்களுள் எவன் எந்தச் சிற்றூரிலிருந்து வருகிறான்? காலை வணக்கத்திற்கு நாள்தோறும் பிந்தி வரும் எட்டுப் பேரும் சோம்பேறிகளா, அல்லது அவர்கள் ஊர்ப் பேருந்தே பிந்தி வருகிறதா? எந்தச் சிறுமிக்குத் தாய் இல்லை? எவனுடைய தந்தை வெளிமாநிலத்தில் கூலி வேலை செய்கிறார்? இவற்றை எந்தக் கல்வியியல் கல்லூரியும் கற்பிப்பதில்லை. எங்கள் காலத்தில் கல்வியியல் பட்டப் படிப்பு ஓராண்டு. 2015 முதல் ஈராண்டு ஆயிற்று. பத்தாண்டு ஆக்கினாலும் நான்கு முனியசாமிகளையும் அங்கே பிரித்தறிய முடியாது. ஆகவே ஒவ்வொரு வகுப்பிற்கும் யார் எங்கே அமர்கிறார், எந்த ஊர், எந்தப் பேருந்து என்று ஒரே தாளில் எழுதிப் புதியவர் கையில் கொடுத்துவிடுவோம். முதல் நாளே பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியருக்கு வகுப்பு பாதி அடங்கிவிடும்.

அத்தாளில் ஒன்றை மட்டும் எழுதமாட்டோம். "இவன் திருந்தமாட்டான்", "அந்த வகுப்பு உருப்படாது" என்பன போன்ற தீர்ப்புகளே அவை. ஆசிரியர் அறையில் தேநீரோடு பரிமாறப்படும் இத்தீர்ப்புகள் புதியவரின் கண்ணில் விழும் தூசு. பிள்ளைகளை அவர் தம் கண்ணாலேயே காணட்டும். எங்கள் கண்ணுக்கு முரடனாய்த் தோன்றியவன் அவர் கண்ணுக்கு வேறாகத் தோன்றலாம் அன்றோ?

கொங்கு நாட்டிலிருந்து வந்தவர்

2012ஆம் ஆண்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு நம் மாநிலத்தில் முதன்முதலாக நடைபெற்றது. அதில் தேறியோர் பலர் அவ்வாண்டின் இறுதியில் பணியேற்றனர். டிசம்பர் மாதம் எங்கள் பள்ளிக்கும் கணித ஆசிரியை ஒருவர் வந்தார். சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். காலிங்கராயன் வாய்க்கால் பாயும் மஞ்சள் காட்டுப் பெண். உடன் வந்த தந்தை மூன்றாம் நாள் ஊர் திரும்பினார். அது தமிழகம் முழுவதும் மின்வெட்டால் வாடிய காலம். மாலையில் விளக்கு இராது, மின்விசிறி இராது, பேச ஆளும் இராது.

வகுப்பறையிலும் அவருக்கு அமைதி இல்லை. ஒரு மாணவி முன்னாள் வராததற்குக் காரணம் கேட்கையில், "வீட்டுக்கு ஒறம்பரை வந்துட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்துவிட்டது. உறவினர் அல்லது விருந்தினர் என்பதற்குக் கொங்கு நாட்டில் வழங்கும் சொல் அது. எங்கள் பிள்ளைகள் கேட்டறியாதது. அன்று முதல் அவர் மாணவரை நோக்கிப் பேசுவதை விட்டுக் கரும்பலகையை நோக்கியே கணக்குப் போடலானார். பத்தாம் நாள் மாலை எங்கள் வீட்டிற்கு வந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பணி விலகல் கடிதம்.

நாங்கள் அதைப் பற்றி வாதிடவில்லை. "முதலில் சாப்பிடு தாயி" என்றோம். எங்கள் ஊர் வழக்கில் மகளைப் போன்றவரை அவ்வாறு அழைப்போம். "எங்க ஊர்ல அம்மிணின்னு கூப்பிடுவாங்க" என்று கூறி, வந்தபின் முதல் முறையாகச் சிறிது சிரித்தார். உண்டு முடித்தபின் இரண்டே செய்திகள் சொன்னோம். ஒன்று: இக்கடிதத்தை இப்போதே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆண்டிறுதி வரை பெட்டியில் இருக்கட்டும், அப்போதும் மனம் மாறாவிடில் நாங்களே உடன் வந்து கொடுப்போம். மற்றொன்று: நாளை கணக்கிற்கு முன் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, கரும்பலகையின் ஒரு பக்கம் உன் ஊர்ச் சொல்லையும் மறுபக்கம் இவ்வூர்ச் சொல்லையும் எழுது.

மறுநாள் அவ்வாறே செய்தார். "ஒறம்பரை"க்கு எதிரே "விருந்தாளி" வந்தது. "பொழுதோட" என்பதற்கு எதிரே "சாயங்காலம்" வந்தது. பிள்ளைகள் தாமே முன்வந்து "வெஞ்சனம்", "கம்மாய்", "அங்கிட்டு" என்று எழுதச் செய்தார்கள். சிரிப்பு நிற்கவில்லை. ஆனால் அன்றைய சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார்.

அடுத்த சோதனை மாசி மாதத்தில் வந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நெருங்குகையில் 38 பேரில் 14 பேர் வரவில்லை. தம் பாடம் பிடிக்காமையால் நின்றுவிட்டனர் என்று எண்ணி அவர் உள்ளம் குன்றினார். ஒரு சனிக்கிழமை அவரை மிளகாய்க் காட்டிற்கு அழைத்துச் சென்றோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயைப் பலரும் அறிவர். அதன் பறிப்பும் பொதுத் தேர்வும் ஒரே காலத்தில் வருவதைப் பிற மாவட்டத்தார் அறியார். அங்கே அவருடைய மாணவியர் ஐவர் குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்தனர். ஆசிரியையைக் கண்டதும் ஒருத்தி கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மிளகாய்க் காரம் ஏறி அவ்விரல்கள் எரிந்துகொண்டிருந்தன. வீட்டுப் பாடம் எழுதாத குற்றத்திற்கு அவளை இரண்டு நாள் முன்னர்தான் வகுப்பில் நிற்கவைத்திருந்தார். "இந்தப் பறிப்பை விட்டா வாங்குன கடனுக்கு வழியில்ல டீச்சர். பிள்ளைய அனுப்ப மாட்டோம்னு சொல்லல, ஒரு மாசம் பொறுத்துக்கங்க" என்றார் அத்தாய்.

திரும்பும் வழியில் அவர் எதுவும் பேசவில்லை. திங்கள் முதல் மாலை 5 மணியிலிருந்து இருட்டும் வரை பள்ளித் திண்ணையில் கணக்குச் சொல்லித் தரலானார். முதல் நாள் இருவர் வந்தனர். வார முடிவில் பதினொருவர். அவ்வாண்டு அனைவரும் தேறினர் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். ஆனால் மூவர் கணிதத்தில் தவறினர். அம்மூவரையும் கோடை விடுமுறையில் ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, துணைத் தேர்விற்கு அவரே ஆயத்தப்படுத்தினார். விலகல் கடிதம் பெட்டியிலேயே கிடந்தது. 2018இல் தந்தையின் உடல்நலம் கருதி மாற்றல் பெற்றுச் செல்லும் வரை எங்கள் ஊரிலேயே இருந்தார். போகும் முன், தமக்குப் பின் வருபவருக்காக வகுப்பு வாரியாக அந்த ஒரே தாளைப் புதிதாக எழுதி வைத்துவிட்டே சென்றார். அதன் கீழே, "மாசி, பங்குனியில் வராதவர்களைத் திட்ட வேண்டாம், மாலையில் வரச் சொல்லுங்கள்" என்ற ஒரு வரி இருந்தது.

தீர்ப்பிடாத ஒரு செவி

இத்தனை ஆண்டுகளில் நாங்கள் உணர்ந்த உண்மை ஒன்று உண்டு. புதிய ஆசிரியருக்கு அதிகாரி ஒருவர் தேவை. அவர் பாடக்குறிப்பைப் பார்வையிடுவார், வகுப்பை ஆய்வு செய்வார், குறையிருப்பின் எழுதுவார். அது முறைதான். ஆனால் அதிகாரியிடம், "இன்று வகுப்பு என் கையில் நிற்கவில்லை" என்று எவரும் கூறமாட்டார். அதைக் கூறுவதற்கு வேறு ஒருவர் வேண்டும். கேட்டதை எங்கும் எழுதாத, எவரிடமும் சொல்லாத ஒருவர் வேண்டும். அப்படி ஒரே ஒருவர் முதலாண்டில் வாய்த்துவிட்டால் போதும்; பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். வாய்க்காதவர் திறமை மிகுந்திருந்தும் மனம் நொந்து போய்விடுகிறார்கள். திறமையின்மையால் ஊரை விட்டவரைக் காட்டிலும் தனிமையால் விட்டவரையே நாங்கள் மிகுதியாகக் கண்டோம்.

இப்பணிக்கு ஆசிரியராய் இருக்க வேண்டும் என்பதில்லை. இதனைப் படிக்கும் குடும்பத்தினர் எவரும் செய்யலாம். வாடகைக்கு விட ஓர் அறை இருப்பின் தெருவையும் சாதியையும் கேளாது கொடுக்கலாம். பண்டிகை நாளில் ஊர் செல்ல இயலாத ஆசிரியரை ஒருவேளை உணவிற்கு அழைக்கலாம். பிள்ளை வீட்டிற்கு வந்து, "புது டீச்சர் பேசுவது விளங்கவில்லை" என்று கூறினால், பிள்ளையோடு சேர்ந்து நகைக்காமல், "நாளைக்கு நீயே கேட்டுத் தெரிந்து வா" என்று அனுப்பலாம். கல்வி உரிமைச் சட்டத்தின்வழி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லவா? கூரை ஒழுகுவதையும் குழாய் பழுதையும் பேசும் அக்கூட்டத்தில், "புதிதாக வந்தவர் எங்கே தங்கியிருக்கிறார்?" என்று ஒருமுறை கேட்கலாம்.

அதே வேளையில் அன்பு என்ற பெயரில் அவரை வேவு பார்க்கவும் கூடாது. என்ன உடுத்துகிறார், யாரோடு கைப்பேசியில் பேசுகிறார், ஏன் ஞாயிறுதோறும் ஊருக்குப் போகிறார் என்று திண்ணைகளில் கணக்கெடுக்கும் ஊரில் எவரும் நிலைக்கமாட்டார். கதவைத் திறந்து வைப்போம். அவர் வரும்போது வரட்டும்.

பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில் உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலும் ஒருவர் பெட்டியோடு இறங்கக்கூடும். அவருக்கு வழி மட்டும் காட்டி நின்றுவிடாதீர்கள். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளிவரை நடந்து செல்லுங்கள். நடக்கும்போதே, இன்று இரவு எங்கே தங்குவார், என்ன உண்பார் என்று கேட்டுவிடுங்கள்.